ஆரக்கேட்டண்ணனும் ஒரு ‘ங்க’வும்

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகு தேசத்தில் இருந்த அத்தனை பேரும் ஏதோ ஓர் அரசாங்கத்தின் கீழ் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் கோயமுத்தூரில், சித்தாபுதூர்ப் பக்கம், மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நாலு சைக்கிள், ஒரு காற்றுப் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. அவருடைய சுதந்திர நாடு மொத்தமே அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. நகராட்சி ரிஜிஸ்தரில் இருந்தது. அந்த ரிஜிஸ்தரை எழுதியவனே நான்தான், எனக்கும் மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் ஆரக்கேட்டண்ணன். ‘யாரைக் கேட்டு’ என்பதைக் கொங்குச் சீமையில் ‘ஆரக் கேட்டு’ என்பார்கள். அந்தச் சொல் அவர் வாயில் நாளைக்கு நூறு தடவை வரும். தெருவில் மின்சாரக் கம்பம் நட்டார்கள். “ஆரக் கேட்டுங்க நட்டீங்க?” வீட்டுச் சுவரில் தார் தொட்டு நம்பர் எழுதினார்கள். “ஆரக் கேட்டுங்க எழுதுனீங்க?” அம்மை குத்த வந்த மனுஷர், “உங்களைத்தானுங்க கேக்கறேன், குத்தட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு கையையும் நீட்டியிருப்பார். பாவம், அவருக்கு அது தோன்றவில்லை. தெருமுனை வரைக்கும் காற்றுப் பம்போடு துரத்தப்பட்டார்.

ஐம்பதுகளின் நடுவில் நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து அந்த ஊர் நகராட்சி ஆபீசில் லைசென்ஸ் செக்‌ஷனில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அவர் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் ஒரு அறை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் வருஷா வருஷம் லைசென்ஸ் உண்டு. பணம் கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்போம், அதைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆரக்கேட்டண்ணனின் நாலு சைக்கிளிலும் வில்லை இல்லை. புது உத்தியோகத்தின் முறுக்கில் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன்: ‘ஏழு தினங்களுக்குள் லைசென்ஸ் பெற்றுக்கொள்ள வேண்டியது. தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’

மூன்றாம் நாள் நோட்டீஸ் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தது. ‘பெற்றுக்கொள்ள வேண்டியதுங்க. தவறினாலுங்க நடவடிக்கை எடுக்கப்படுமுங்க.’ கூடவே ஆளும் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, கிரீஸ் கறை ஏறிய வேட்டி, காதில் ஒரு சிவப்புப் பென்சில்.

“ஏனுங்க தம்பி, இதை நீங்களுங்களா எழுதுனது?”

“ஆமாம்.”

“எந்த ஊருங்க?”

சொன்னேன். “அதானே பாத்தேன்” என்று அவர் என்னை மன்னித்துவிட்டார். “எங்கூர்ல நாயை வெரட்டறதுனாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தானுங்க வெரட்டுவோம். ‘ங்க’ இல்லாத காயிதம் ஆருக்கோ வந்ததுன்னு நெனைச்சுப்போட்டனுங்க.”

“சரி, இப்போது ‘ங்க’ போட்டாயிற்று. லைசென்ஸ் எடுக்கிறீர்களா?”

“எதுக்குங்க?”

“ரோட்டில் சைக்கிள் ஓடுகிறதே!”

“ரோடு ஆருதுங்க?”

“நகராட்சியுடையது.”

“நகராட்சி ஆருதுங்க?”

“ஜனங்களுடையது.”

“நானு ஜனமுங்களா, இல்லீங்களா?”

“ஜனம்தான்.”

“அப்ப என்ற ரோட்டுல என்ற சைக்கிளு போறதுக்கு நானு ஆரைக் கேக்கோணுமுங்க?”

நான் வாங்குகிற சம்பளத்துக்கு இத்தனை பெரிய கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்மானித்து, பேனாவுக்கு மை ஊற்றப் போய்விட்டேன். திரும்பி வரும்போது செக்‌ஷனே சிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத்தான்.

வீட்டு வரி விஷயம் இதைவிடக் கூத்து. வரி என்றால் கட்டமாட்டார். ஆனால் கட்டாமலும் இருந்ததில்லை. கேட்டீர்களா கதையை! வருஷத்துக்கு ஒரு நாள், வெள்ளை வேட்டி கட்டி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் பணத்தை வைத்து, கவுண்டரில் நீட்டுவார். இருபது ரூபாய் வரிக்கு இருபத்தொரு ரூபாய் இருக்கும்.

“ஒரு ரூபாய் அதிகம் இருக்கிறது.”

“மொய்க்கு ஒத்த ரூவா சேத்து வெக்கறது மொறைதானுங்களே.”

“இது மொய் இல்லை, வரி!”

“வரின்னா நீங்க எடுக்கறது. மொய்யின்னா நானாக் குடுக்கறது. நானாத்தானுங்களே கொண்டாந்து குடுக்கறேன்?”

அந்த ஒற்றை ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் என் மேலதிகாரி வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் வெற்றிலையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அவர் அதைத் தாம்பூலம் என்று ஏற்றுக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஓட்டுப் போடவும் வரமாட்டார். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். “போட்டாலும் ஆளப்போறீங்க, போடாட்டியும் ஆளப்போறீங்க. போட்டுத் தொலைச்சா, ‘நீதானய்யா சரின்னே’ன்னு சொல்லிப்போடுவீங்க. போடாத இருந்தா நாளைக்கு ‘ஆரக் கேட்டு’ன்னாச்சும் கேக்கலாமுங்களே” என்பார். “எங்க ஊட்டுல ஆரும் ஓட்டுப் போடறதில்லீங்க” என்று கடையைச் சாத்தாமலே உட்கார்ந்திருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். மனுஷர் ஊரைக் கேட்ட கேள்விக்குத் தானும் கட்டுப்பட்டவர். சுத்தியலை எடுத்தால் பக்கத்து வீட்டைப் பார்த்து, “தட்டட்டுங்களா?” என்று கேட்பார். இராத்திரி ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்கள் ‘வேண்டாம்’ என்றால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். கடைவாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட, “சித்த அக்கட்ட போறீங்களா?” என்று கேட்டுவிட்டு அது எழுந்திருக்கும்வரை காத்திருப்பார். வாடகைக்கு வந்தவன் அவசரத்தில் கத்துவான். நாய் நிதானமாகச் சோம்பல் முறிக்கும்.

உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் அவர் எதையும் கேட்டதில்லை. அது அவர் சம்சாரம் பொன்னாத்தா.

“ஏ புள்ள, தண்ணி கொண்டா.” “ஏ புள்ள, டியூப்பப் புடி.” தெருநாய்க்குக் கிடைத்த ‘ங்க’ அந்த அம்மாளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் யாருக்கும் அது வித்தியாசமாகவும் படவில்லை. எந்த வீட்டில் கிடைத்தது, அந்த வீட்டில் கிடைக்க? ‘எங்க ஊட்டுல ஆரும் ஓட்டுப் போடறதில்லை’ என்றாரே, அதை அந்த அம்மாளைக் கேட்டா சொன்னார்? நானும் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. குழந்தை குட்டி இல்லை. அவர் பேசுவார், அவள் பம்பு அடிப்பாள்.

அந்த நாலு சைக்கிளும் ஏன் ஒரு தடவைகூடப் போலீசில் மாட்டவில்லை என்று ஆரக்கேட்டண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். “நாயத்துக்குப் பயந்துட்டாங்க தம்பி.” நியாயமாவது மண்ணாவது! வருஷா வருஷம் பொன்னாத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணம் கட்டி, நாலு வில்லை வாங்கிப் போவாள். சீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குக்குள், துணி சுற்றிக் கட்டிவைப்பாள். எடுத்துப் போகிறவர்களுக்கு மட்டும் இடத்தைச் சொல்லிவைத்திருந்தாள்.

“வாடகைக்கு எடுக்கறவன் என்ன பாவம் பண்ணுனான் தம்பி? அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க. மனசு ஒடிஞ்சுபோயிருவாரு” என்பாள்.

சீனாச் சண்டைக்கு முந்தி வந்த தேர்தல் முடிந்த மறுநாள், பொன்னாத்தாவின் இடதுகை ஆள்காட்டி விரலில் ஒரு எலுமிச்சம்பழம் சொருகியிருந்தது. நகச்சுத்தி என்றாள். ஆரக்கேட்டண்ணன் பதறிப்போய் மஞ்சள் அரைத்துக் கொடுத்தார். இரண்டு நாளைக்கு ஒரு பழம் மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரமாகியும் ஆறாத நகச்சுத்தியைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடியில் நான் சிரித்ததைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பழம் சொருகிய விரலாலேயே வாயைப் பொத்திக்கொள் என்று ஜாடை காட்டினாள். அரசாங்கம் வைத்த மையை எலுமிச்சம்பழத்துக்குள் ஒளித்துவைத்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, கடையில் கிடந்த ஒரு உடைந்த ஆரக்கம்பி அவள் காலில் குத்தியது. சின்னக் காயம். சர்க்கரை வியாதி இருப்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு நாளில் விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது. நானும் அவரும் குதிரைவண்டி வைத்துத் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே கூப்பிட்டார். முழங்காலோடு எடுத்தால் உயிர் தங்கும், இல்லாவிட்டால் இரண்டு நாள் தாங்காது என்றார். உள்ளூர்க்காரர், நிதானமான மனுஷர். மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்து ஆரக்கேட்டண்ணன் பக்கம் திருப்பினார்.

“இதுக்கு உங்க சம்மதம் வேணுமுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தானுங்க நாங்க கைவெக்க முடியும். அந்தம்மாகிட்டயும் பக்குவமா ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்துருங்க.”

நான் ஆரக்கேட்டண்ணன் முகத்தைப் பார்த்தேன். எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்! அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒருவர், அரசாங்கக் காகிதம் ஒன்றை வைத்து, ‘ங்க’ போட்டு, அவரைக் கேட்டுவிட்டார். வாழ்நாளில் முதல் தடவை. அந்த முகத்தில் துளி ரத்தம் இல்லை.

வார்டு இருபது அடி தூரத்தில் இருந்தது. கதவு வழியாகப் பொன்னாத்தா தெரிந்தாள். நல்ல நினைவோடுதான் இருந்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கதவுவரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

“பேனாக் குடுங்க தம்பி.”

“அண்ணா, அவங்களை…”

“கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவா.” கையை நீட்டினார். “குடுங்க தம்பி.”

கொடுத்தேன். இன்றைக்கும் மனசாட்சியில் குத்துகிற விஷயம் அது. என் பேனாதான். அவர் கையெழுத்துப் போட்டார். டாக்டர், “அந்தம்மாகிட்ட சொல்லியாச்சுங்களா?” என்று கேட்டதற்கு, “சொல்லியாச்சுங்க” என்றார். என்னையும் பார்த்தார் டாக்டர். நான் சுவரைப் பார்த்தேன். கட்டுப் பிரிக்கக் கூட்டிப்போகிறார்கள் என்று பொன்னாத்தாவிடம் சொன்னோம். “சீக்கிரம் வந்தர்றனுங்க, நீங்க போயி எதாச்சும் சாப்புடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மயக்கமும் காய்ச்சலும் முழுக்கத் தெளிந்து, அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆரக் கேட்டுங்க?”

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“டாக்டருதான், உசுருக்கு…”

“டாக்டரு ஆரைக் கேட்டாரு?”

“என்னைக் கேட்டாரு.”

“காலு ஆருதுங்க?”

என்னைப்போல் பேனாவுக்கு மை ஊற்றப் போகிற வசதி அவருக்கு இல்லை. அப்படியே நின்றார். பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னாத்தா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னார். “கேட்டா மாட்டேன்னு சொல்லிப்போடுவாளோன்னு பயந்துட்டனுங்க தம்பி. நல்லதுக்குத்தான செய்யறோம், எதுக்குக் கேக்கறதுன்னு நெனைச்சுப்போட்டேன்.” காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். “கெவுருமெண்டும் இதத்தானுங்களே சொல்லுது? அவனுகளை இத்தனை வருசமா வாய்க்கு வந்தபடி பேசுனேன். ஒரே ஒரு காயிதத்தைக் குடுத்தாங்க. ஒரு நாள் கெவுருமெண்டா இருந்து பாத்துட்டேன். அவனுகளாட்டவே ஆயிட்டனுங்க.”

உயிர் பிழைத்தாளே என்றேன். “அதையும் அவளைக் கேக்கோணுமுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தபிறகு பொன்னாத்தா அவரோடு பேசவில்லை. மாதக்கணக்கில் பேசவில்லை. ஆரக்கேட்டண்ணன் ஊரையும் கேட்பதை நிறுத்திவிட்டார். தெருவில் சாக்கடை தோண்டினார்கள், சுவரில் நம்பரை மாற்றி எழுதினார்கள், ஒரு சத்தம் இல்லை. சைக்கிள்களுக்குத் தானே வந்து வில்லை வாங்கினார். சீட்டுக்கு அடியில் பழைய வில்லைகளைக் கண்டுபிடித்திருப்பார் போல. ஒன்றும் கேட்கவில்லை. வரி கட்ட வந்தார், தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, சரியாக இருபது ரூபாய். என் மேலதிகாரி அந்த நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “என்னய்யா, மனுஷனுக்கு என்ன ஆச்சு?” என்றார். அந்த ஒற்றை ரூபாய் வராதது ஆபீசுக்கே ஒரு வெசனமாகப் போய்விட்டது.

ஆனால் காலையில் என் மாடி ஜன்னல் வழியாக ஒரு புதுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“அம்மணி, தூக்கட்டுங்களா?”

கட்டிலிலிருந்து தூக்கி வாசலில் உட்காரவைக்க வேண்டும். ‘ஏ புள்ள’ போய்விட்டது. ‘அம்மணி’ வந்தது, ‘ங்க’ வந்தது. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வாள். பிறகு, “ம்.” அவ்வளவுதான். சில நாள், “வேண்டாம்.” வேண்டாமென்றால் போய்விடுவார். கடையில் உட்கார்ந்து பழைய டியூப் ஒன்றைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி கழித்து வந்து மறுபடியும் கேட்பார்.

ஒரு ஐப்பசி மாதம் வாசலில் உட்கார்ந்திருந்தவள்மேல் மழை பிடித்துக்கொண்டது. “தூக்கட்டுங்களா?” “வேண்டாம்.” இடி இடிக்கிறது. “அம்மணி, தூக்கட்டுங்களா?” “வேண்டாங்கறனல்ல?” மனுஷர் குடையை எடுத்துவந்து அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றார். தெருவே கூடிவிட்டது. “அட, தூக்கிப்போட்டு உள்ள போங்கண்ணா, இதுக்கெல்லாம் கேட்டுட்டு நிப்பாங்களா?” என்று கத்தினார்கள். எனக்கும் எரிச்சல் வந்தது, நானும் கத்தினேன். அவர் யாருக்கும் காது கொடுக்கவில்லை. மழை விடுகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். மறுநாள் அவருக்குத்தான் ஜலதோஷம். பொன்னாத்தா உட்கார்ந்தபடியே சுக்குத் தட்டிக் கசாயம் வைத்து, “குடிங்க” என்றாள். அவர் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போடுகிற நாளன்று காலையில், “அம்மணி, ஓட்டுப் போடப் போலாமுங்களா?” என்ற குரல் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடினேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள். சைக்கிள் கேரியரில் தலையணை கட்டி, அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். வழியில் போலீஸ்காரர், “டபுள்ஸுங்களா?” என்று கேட்டதற்கு, “மிதிக்கலீங்க, தள்ளறனுங்க” என்றார் பணிவாக. பள்ளிக்கூடத்து வாசலில் அவளைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார். அவர் போடவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் விடவில்லை.

மை வைத்த விரலோடு அவள் திரும்பி வந்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

“நகச்சுத்திக்குங்க.”

பொன்னாத்தா திகைத்துப் போனாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கேரியரில் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அப்பவே தெரியுமுங்களா? கேக்கவேயில்லீங்களே!” என்றாள். “கேட்டா நீங்க பொய்யி சொல்லோணும். அது எதுக்குங்க?” என்றார். அரசாங்கத்தைக் கேட்காத கேள்வி இல்லை என்று இருந்தவர், அந்த ஒரு கேள்வியை மட்டும் ஐந்து வருஷம் கேட்காமல் வைத்திருந்திருக்கிறார்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். அடுத்த மாசியில் சர்க்கரை மறுபடியும் தன் வேலையைக் காட்டியது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். அவள் வேண்டாமென்றாள். தெருவில் எல்லோரும் அவரைத் திட்டினோம். இரண்டாம் தடவை கேட்டார், மூன்றாம் தடவை கேட்டார், ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே கேட்டார். வேண்டாம் என்றாள். அவர் தூக்கவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

மத்தியானம் எடுக்க வேண்டும். பாடை கட்டியாயிற்று. சுமக்க நாலு பேர் குனிந்து மூங்கிலைப் பிடித்தோம். பெரியவர் ஒருவர், “நேரமாச்சு, தூக்குங்கப்பா” என்றார். ஆரக்கேட்டண்ணன், “சித்த இருங்க” என்று கையைக் காட்டிவிட்டு அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

“அம்மணி, தூக்கட்டுங்களா?”

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சங்கு ஊதுகிறவன் சங்கை இறக்கிவிட்டான். அதிகாரம் பண்ணிய பெரியவரும் வாயை மூடிக்கொண்டார். ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘ம்’முக்காக நின்றது. இடதுபக்க முன்வரிசை மூங்கில் என் கையில் இருந்தது. முதுகு கடுத்தது. கடுக்கட்டும், அவர் சொல்கிறவரைக்கும், சாயங்காலமே ஆனாலும், நான் குனிந்தே நின்றிருப்பேன்.